பள்ளிக்கூட வளவில கோல்ஃப்: எண்ணிக்கைச் சண்டையும் மதிலோட நிக்கிற பிள்ளையும்

மல்லாவி வெயில்

வணக்கம் அண்ணைமார், அக்காமார்.

எங்கட சிறுவர் கழகத்துக்கு வெளிநாட்டில இருந்து கோல்ஃப் சாமான் ஒரு பெட்டி வந்திருக்கு. பெரிய தலை வைச்ச பிளாஸ்ரிக் மட்டை 9, பெரியாக்கள் பாவிச்ச இரும்பு மட்டை 4, பச்சைப் புல்லில பந்தை உருட்டுற மட்டை 2, உண்மையான கோல்ஃப் பந்து ஒரு பை நிறைய. பிள்ளையள் 24 பேர், 8 வயசில இருந்து 12 வரை. பள்ளிக்கூட மைதானத்தில ஒரு பக்கம் பின்னேரம் 4 மணிக்குப் பிறகு தருவினம். வடக்குத் தெற்கா 60 மீற்றர் நீளம், 35 மீற்றர் அகலம். கிறவல் கலந்த செம்மண். கிழக்குப் பக்கம் பற்றைக் காடு. அதே இடத்தில உதைபந்தாட்டமும் நடக்கிறபடியா குழி தோண்ட அதிபர் விடமாட்டார்.

ஒருத்தரையும் வீரராக்க வேணும் எண்டு இல்லை. ஒருத்தரோட ஒருத்தர் பண்பா நடக்கவும், நாலு பேர் பாக்க ஒரு காரியத்தைப் பயமில்லாமல் செய்யவும் பழகினால் போதும். அதுக்கு இந்த விளையாட்டு நல்லது எண்டு சொல்லினம். ஆனால் தொடங்கினதும் நடக்கிறது வேற. ஆகக் குறைஞ்ச அடியில பந்தைக் குழிக்குக் கொண்டுபோனவர்தான் கோல்ஃபில வெல்லுறது, தன்ர அடியைத் தானே எண்ணிச் சொல்ல வேணும். "நீ 4 எண்டு சொன்னாய், நான் 6 பாத்தனான்" எண்டு ஒவ்வொரு முறையும் சண்டை. மட்டை பந்தில படாமல் போனால் மற்றதுகள் விழுந்து விழுந்து சிரிக்குதுகள். ஒரு 9 வயசுப் பிள்ளை மட்டையைத் தொடமாட்டன் எண்டு மதிலோட நிக்குது.

எதை எப்பிடி மாத்தலாம்? சாமானில எது பாவிக்கலாம், எது கூடாது?

கனகராயன் கரை

பண்பு, துணிவு எல்லாம் பிறகு. முதல்ல அந்தக் கிழக்குப் பக்கத்தைப் பாப்பம்.

பற்றைக்குள்ள போன பந்தைப் பிள்ளை எடுக்கப் போகக் கூடாது. வன்னியில மிதிவெடி அகற்றுற வேலை இன்னும் முடியேல்லை. மண்டையோட்டுப் பலகை இல்லாத இடம் எல்லாம் சுத்தம் எண்டும் நினைக்கக் கூடாது. மிதிவெடி இல்லாட்டியும் புடையன் பாம்பு கிடக்கும். பற்றை விளிம்பில இருந்து 5 மீற்றர் உள்ளுக்கு, தடி நட்டு இடுப்பளவில தும்புக் கயிறு கட்டுங்கோ. கயிற்றைத் தாண்டின பந்து போனதுதான். முழு விளையாட்டில தொலைஞ்ச பந்தைத் தேட 3 நிமிசம் குடுப்பினம் (2019 இல விதி மாறமுன்னம் 5 நிமிசம்). அந்த விதியை இங்க கொண்டு வராதேங்கோ. கயிற்றைப் பந்து எந்த இடத்தில தாண்டினதோ அதுக்கு நேரா 2 மீற்றர் உள்ளுக்கு வேற பந்து வைச்சு, கணக்கில ஒண்டு கூட்டி அடிக்க விடுங்கோ. பந்துக்கு விலை சொல்லி ஏசவும் கூடாது. ஏசினால் அடுத்த முறை ஒருத்தருக்கும் சொல்லாமல் உள்ளுக்கு இறங்கிப் போய் எடுப்பினம்.

அடிக்கிற திசையும் யோசிக்க வேணும். கிழக்கு நோக்கி அடிச்சால் வைகாசியில இருந்து புரட்டாதி வரைக்கும் சோளகம் எண்ட தென்மேற்குக் காத்து பந்தைப் பற்றைக்கே கொண்டுபோய்க் குடுக்கும். மேற்கு நோக்கி அடிச்சால் பின்னேர வெயில் கண்ணில குத்தும். அதால அடிக்கிற வரிசையை வடக்கு அந்தத்தில, மேற்குப் பக்கமா ஒதுக்கி வைச்சு, தெற்கு நோக்கி அடிக்க விடுங்கோ.

இனிச் சாமான். உண்மையான கோல்ஃப் பந்து விட்டம் 4.27 சென்ரிமீற்றர், எடை கிட்டத்தட்ட 46 கிராம், கல்லு மாதிரி. அது உருட்டுறதுக்கு மட்டும். தூக்கி அடிக்கிறதுக்கு எல்லே (பொல்லால பந்தடிச்சு ஓடுற விளையாட்டு) விளையாடித் தேய்ஞ்ச ரென்னிஸ் பந்து திறம். காத்து இறங்கிப்போனதுகள் இன்னும் நல்லது, துள்ளாது, கன தூரம் ஓடாது. ஓட்டை போட்ட பிளாஸ்ரிக் பந்து கடையில கிடைச்சாலும் சோளக மாசங்களில வேண்டாம். நேரா அடிச்ச பந்தும் காத்தில விலகிப் போகும், பிள்ளை தன்னில பிழை எண்டு நினைக்கும்.

பெரியாக்களின்ர இரும்பு மட்டை நாலையும் கட்டி அலுமாரியில வையுங்கோ. அரிஞ்சு கட்டையாக்கலாம் எண்டு யாரும் சொல்லுவினம். அரிஞ்சால் நீளம் குறையுமே தவிர தலையின்ர பாரம் குறையாது, தண்டு முந்தியிலும் விறைப்பாகும். பிள்ளை கையால வீச ஏலாமல் முழு உடம்பையும் எறிஞ்சு அடிக்கப் பழகும். அந்தப் பழக்கம் பிறகு போகாது. உருட்டு மட்டை ரண்டையும் அரியலாம், அதில வீச்சு இல்லை. பிள்ளை கொஞ்சம் குனிஞ்சு, கையைத் தொங்கவிட்டு நிக்கேக்க கைப்பிடி உள்ளங்கைக்குள்ள வந்து சேருற நீளம் போதும். அரிஞ்ச வாயில பழைய சைக்கிள் ரியூப்பை இழுத்துச் சுத்துங்கோ. ("பட்டர்" எண்ட அதின்ர ஆங்கிலப் பேரைச் சொல்லிக் குடுத்தால் பாணுக்குப் பூசுற பட்டரோ எண்டு கேப்பினம். உருட்டு மட்டை எண்டே சொல்லுங்கோ.)

பிள்ளையளின்ர கோல்ஃபில பெரிய காயம் பந்தால வாறதிலும் பாக்க, பக்கத்தில நிக்கிற பிள்ளை வீசின மட்டையாலதான் வாறது. பின்னுக்கு நிண்டு எட்டிப் பாக்கிற பிள்ளைக்கு முகத்தில விழும். அதால ஒரு நேரத்தில 4 பேர் மட்டும் அடிக்க வேணும். ஆளுக்கு ஆள் 4 மீற்றர் இடைவெளி. அவையின்ர சோடிப் பிள்ளையள் 5 மீற்றர் பின்னுக்கு, நீறு போட்ட கோட்டுக்கு அங்கால இருக்க வேணும், நிக்கவே கூடாது. இருக்கிற பிள்ளை திடீரெண்டு முன்னுக்குப் பாயாது. இடக்கைப் பிள்ளை இருந்தால், அடிக்கிற திசையைப் பாத்து நிக்கேக்க வரிசையின்ர வலது அந்தத்தில விடுங்கோ. அப்பத்தான் அவரும் பக்கத்துப் பிள்ளையும் முகத்துக்கு முகம் பாத்து நிப்பினம். இடது அந்தத்தில விட்டால் முதுகுக்கு முதுகு, ஒருத்தர் வீசுறது மற்றவருக்குத் தெரியாது.

கூப்பிடு சொல் மூண்டு போதும்: "அடி", "மட்டை கீழ", "எடு". நாலு மட்டையும் நிலத்தில கிடக்கும்வரை "எடு" சொல்லக் கூடாது. ஒரு பிள்ளை முந்தி ஓடினால் எல்லாரும் திரும்பி வந்து கோட்டில இருந்து தொடங்க வேணும். கத்தத் தேவையில்லை.

குழிக்குப் பதில்: தூக்கி அடிக்கிறதுக்கு 2 மீற்றர் விட்டத்தில நீற்று வட்டம், நடுவில மண் நிரப்பின பேணியில பூவரசம் தடி, நுனியில சிவப்புத் துணி. சைக்கிள் ரயரை வட்டமா வைக்காதேங்கோ, உருண்டு வாற பந்து விளிம்பில பட்டுத் திரும்பும். உருட்டுறதுக்குப் பால்மாப் பேணியைப் படுக்க வைச்சு ரண்டு பக்கமும் கல்லு முண்டு குடுங்கோ. முறையான குழியின்ர விட்டம் 108 மில்லிமீற்றர், பேணி வாயும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வெட்டின விளிம்பைச் சுத்தியலால உள்ளுக்குத் தட்டி மடிச்சு ரேப் ஒட்ட வேணும், இல்லாட்டிக் கை வெட்டும். கிறவல் நிலத்தில பந்து நேரா உருளாது. உரப்பை அஞ்சாறை விரிச்சுத் தைச்சு, நாலு மூலையும் ஆணி அடிச்சு இழுத்துக் கட்டினால் நல்ல உருட்டுத் தளம். நெல் காயவிடுற சீமெந்துத் தளத்தில கோல்ஃப் பந்து நிக்காது. அங்க எண்டால் ரென்னிஸ் பந்தால உருட்டுங்கோ.

எல்லேக்காரன்

ஒரு கேள்வி, கோவிக்க வேண்டாம். றோயல் கொழும்பு கோல்ஃப் கழகம் 1879 இல தொடங்கினது, நுவரெலியா 1889. திகனையில விக்டோரியா, திருமலையில சீனக்குடா. இந்த நாட்டில இருக்கிற திடலை விரல் விட்டு எண்ணலாம். வன்னிப் பிள்ளை ஒண்டு பெரிசாகி எங்க போய் விளையாடப் போகுது? எல்லே, கரப்பந்து, கிளித்தட்டு எல்லாத்திலயும் ஒற்றுமையும் துணிவும் இல்லையா? ஒரு பந்தும் பூவரசம் பொல்லும் காணும்.

பாலைப்பழம்

எல்லேக்காரன் கேட்டது நியாயம்தான். துணிவுக்கும் ஒற்றுமைக்கும் எல்லே குறைந்ததல்ல. பிள்ளைக்குக் கோல்ஃப் வீரர் என்ற எதிர்காலம் இருக்கிறதென்று சொல்லிக்கொடுப்பதும் தவறு. ஆனால் எல்லேயில் நடுவர் இருக்கிறார். கிளித்தட்டில் எதிர்ப்பக்கம் இருக்கிறது, தொட்டாயா இல்லையா என்று கத்தித் தீர்த்துக்கொள்ளலாம். கோல்ஃபில் பந்து அசையாமல் கிடக்கிறது, யாரும் எறிவதில்லை, யாரும் தடுப்பதில்லை, தன் அடியைத் தானே எண்ணிச் சொல்ல வேண்டும். அந்த ஒன்றுக்காகத்தான் இது பயன்படும். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது விலையான எல்லே.

ஆகவே எண்ணிக்கைச் சண்டையை இடைஞ்சலாகப் பார்க்க வேண்டாம். பாடமே அங்கேதான் இருக்கிறது. சண்டை ஏன் வருகிறது என்று பிரித்துப் பாருங்கள்.

எட்டு வயதுப் பிள்ளை பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. எண்ணிக்கை தப்பிவிடுகிறது. நாலாவது அடிக்குப் பிறகு யாரோ கூப்பிட்டிருப்பார்கள், மறந்துபோகும். இரண்டாவது காரணம், பந்தில் படாத வீச்சு. பந்தை அடிக்கவென்று வீசினால் பட்டாலும் படாவிட்டாலும் ஓர் அடி என்பதுதான் கோல்ஃப் விதி. பிள்ளையின் மனதில் அது அடியே அல்ல. பக்கத்தில் பார்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளையின் மனதில் அது அடி. 4 என்பதும் 6 என்பதும் இரண்டு பேருக்கும் உண்மை. எனவே தொடங்குமுன் ஒன்றைத் தீர்மானித்துச் சொல்லுங்கள். பத்து வயதுக்குக் கீழே முதல் ஒரு மாதம் காற்றில் போன வீச்சு கணக்கில் இல்லை, அதன்பிறகு உண்டு என்று வைக்கலாம். நடுவில் மாற்றாதீர்கள்.

மறப்பதற்கு மருந்து புளியங்கொட்டை. ஆட்டம் தொடங்கும்போது இடப்பக்கச் சட்டைப் பையில் 8 கொட்டை. அடித்து முடித்தவுடன், மட்டையை மற்றக் கைக்கு மாற்றும்போதே, ஒரு கொட்டை வலப்பக்கப் பைக்குப் போக வேண்டும். நடந்து பந்தடிக்குப் போனபின் மாற்றலாம் என்றால் பாதி நாள் மறந்துபோகும். கடைசியில் வலப்பக்கத்தைக் கையில் கொட்டி எண்ணிச் சொல்லட்டும். எட்டும் முடிந்தால் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த வட்டத்துக்குப் போகலாம், கணக்கு 8. ஒரு குழிக்கு உச்ச எண் வைத்து விளையாடுவது கோல்ஃப் விதிப் புத்தகத்திலேயே இருக்கிற முறை, பிள்ளைகளுக்கென்று நாங்கள் இறக்கிக் கொடுத்த சலுகையல்ல என்பதையும் சொல்லுங்கள். உச்ச எண் இல்லாவிட்டால் ஒரு பிள்ளை பதினைந்து அடி அடிக்கும்வரை மற்றவர்கள் வெயிலில் நிற்பார்கள், அந்தப் பிள்ளைக்கும் அவமானம், மற்றவர்களுக்கும் எரிச்சல்.

அடுத்தது அட்டை. போட்டியில் ஒருவரின் எண்ணிக்கையை அவரோடு கூட விளையாடும் மற்றவர்தான் குறிப்பார், முடிவில் இருவரும் கையொப்பம் வைப்பார்கள். இதை அப்படியே எடுங்கள். சோடியில் ஒருவரின் அட்டை மற்றவர் கையில். அடித்தவர் வாயால் சொல்ல வேண்டும், குறிப்பவர் திருப்பிச் சொல்லிவிட்டு எழுத வேண்டும். "அஞ்சு." "அஞ்சு, எழுதிட்டன்." குறிப்பவருக்கு வேறு எண் என்று பட்டால் அவர் கேட்கக்கூடிய ஒரே கேள்வி: "முதல் அடி எங்க போனது?" அங்கிருந்து இருவரும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வரட்டும். முதலாவது தடியடியில், இரண்டாவது கயிற்றடியில், மூன்றாவது காற்றில்... சொல்லிக்கொண்டு வரும்போதே விட்ட அடி பெரும்பாலும் தானாக வெளியே வரும். "பொய் சொல்லாத" என்ற சொல்லை மைதானத்தில் ஒருவரும் பாவிக்கக் கூடாது, பெரியவர்களும்தான்.

பிள்ளை தானாகத் திருத்தி "ஆறு" என்று சொன்னால் என்ன செய்வது? "சரி, ஆறு." அவ்வளவுதான். கைதட்ட வேண்டாம். 1925 அமெரிக்க ஓப்பன் போட்டியில் பொபி ஜோன்ஸ், யாரும் காணாத இடத்தில் தன் பந்து அசைந்ததென்று தானே சொல்லி ஓர் அடியைக் கூட்டிக்கொண்டார். கடைசியில் சமநிலையாகி, மேலதிக ஆட்டத்தில் தோற்றார். இதை ஒருநாள் கதையாகச் சொல்லலாம், ஆனால் ஒரு பிள்ளை கணக்கைத் திருத்திய உடனே சொல்லாதீர்கள், அது அந்தப் பிள்ளையை மேடையில் ஏற்றுவதாகிவிடும். நேர்மைக்குப் பரிசு வைப்பதும் வேண்டாம். பரிசு வந்தால் அசையாத பந்தையும் அசைந்தது என்று சொல்லி ஓர் அடியைக் கூட்டிக்கொள்ளும் பிள்ளைகள் வருவார்கள்.

வேண்டுமென்றே குறைத்துச் சொல்கிற பிள்ளையும் இருக்கும், மறுக்கவில்லை. அந்தப் பிள்ளையை ஒரு நாள் விளையாட விடாமல், பெரியவர் ஒருவருடைய அட்டையைக் குறிக்கிற ஆளாகக் கூட நடக்க விடுங்கள். பெரியவர் தன் தவறான அடிகளை ஒளிக்காமல், சிரித்துக்கொண்டே "ஏழு" என்று சொல்வதை அது அருகில் இருந்து பார்க்கட்டும். பெரிய எண் சொன்னால் தலை போய்விடாது என்று தெரிந்தால் குறைத்துச் சொல்ல வேண்டிய தேவை பாதி போய்விடும்.

சிரிப்பதைப் பற்றி: "சிரிக்காதேங்கோ" என்று சொன்னால் அடக்கிச் சிரிப்பார்கள், அது இன்னும் மோசம். ஒவ்வொரு நாளும் தொடக்கத்தில் எல்லோரும், நீங்களும் சேர்ந்து, பந்தில் படாமல் ஒரு வீச்சு வீச வேண்டும் என்று வையுங்கள். காத்துக்கு ஒரு வீச்சு. அன்றைக்குரிய சிரிப்பு அங்கேயே கொட்டிப்போகும்.

பண்பு என்பதைச் சொல்லால் அல்ல, நிற்கிற இடத்தால் பழக்கலாம். மற்றவர் உருட்டும்போது அவருக்கு நேர் பின்னாலும் நிற்கக் கூடாது, பேணிக்கு நேர் பின்னாலும் நிற்கக் கூடாது, பக்கவாட்டில் மூன்று எட்டு தள்ளி நிற்க வேண்டும். நாலரை மணிக்குப் பிறகு நிழல் நீளும், பிள்ளை அசையாமல் நின்றாலும் அதன் தலை நிழல் உரப்பையில் உருட்டுக் கோட்டின் குறுக்கே விழும். "உன்ர நிழல் எங்க கிடக்கு, பார்" என்று ஒருமுறை காட்டினால் போதும், அடுத்த முறை தானாக விலகும். நான் இருக்கிற இடம் மற்றவருக்கு இடைஞ்சலா என்று கவனிக்கிற பழக்கம் இதில் வருவதுபோல வேறெதிலும் இலகுவாக வராது. பேணிக்கு ஆகத் தூரத்தில் கிடக்கிற பந்துக்காரர் முதலில் உருட்டுவது முறை. மற்றவர் உருட்டும் கோட்டில் மிதிக்கக் கூடாது. கடைசியாக முடிப்பவருக்கு, முதலில் முடித்தவர் கொடித்தடியை எடுத்துப் பிடிக்க வேண்டும்.

1997 இல் அமெரிக்காவில் தொடங்கிய ஃபர்ஸ்ட் ரீ என்ற அமைப்பு நேர்மை, மரியாதை, தன்னம்பிக்கை என்று ஒன்பது விழுமியங்களை வைத்துப் பிள்ளைகளுக்குக் கோல்ஃப் பழக்கியது. நல்ல வேலைதான். ஆனால் அந்த ஒன்பதையும் பிரிஸ்டல் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டி ஒப்புவிக்க வைத்தால் தரம் 5 புலமைப்பரிசிலுக்கு இன்னொரு பாடம் ஆகிவிடும். ஒரு மாதத்துக்கு இரண்டு பழக்கம், போதும்.

ஊமல்கொட்டை

மதிலோட நிக்கிற பிள்ளைக்கு.

"வா, பயப்பிடாத, ஒருக்கா அடிச்சுப் பார்" எண்டு எல்லாரும் பாக்கக் கூப்பிடாதேங்கோ. அது பயப்பிடுறது அடிக்கவில்லை, அந்த 23 சோடிக் கண்ணுக்குத்தான். முதல் நாள் அந்தப் பிள்ளையின்ர கையில அட்டையும் பென்சிலும் குடுத்துக் குறிக்க விடுங்கோ. வேலை இருக்கிற பிள்ளை வரிசைக்குள்ள வந்திடும். ரண்டாவது நாள், கடைசிப் பத்து நிமிசம் மற்றப் பிள்ளையள் பந்து பொறுக்கேக்க, பேணியில இருந்து ஒரு முழம் தள்ளிப் பந்தை வைச்சு உருட்டச் சொல்லுங்கோ. ஒரு முழத்தில பந்து தவறாது. பேணிக்குள்ள விழேக்க "டங்" எண்டு ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைத் தன்ர கையால வரவைச்சால் பிள்ளை அடுத்த பந்தைத் தானே வைக்கும்.

எல்லாப் பிள்ளைக்கும் இதே வழிதான். பெரிய வீச்சில தொடங்கிறதுதான் கன பேர் விடுற பிழை. பேணியில இருந்து பின்னுக்குப் பின்னுக்கு வாங்கோ: ஒரு முழம், ஒரு மீற்றர், 2 மீற்றர், 4 மீற்றர். ஐஞ்சில மூண்டு விழுந்தால் ஒரு படி பின்னுக்கு. ரண்டுக்குக் குறைஞ்சால் ஒரு படி முன்னுக்கு, ஒருத்தரும் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. போளை அடிச்ச பிள்ளைக்கு இது புதுசில்லை. குழியைப் பாத்துக் கை அளவெடுக்கிற வேலை அங்கயும் இங்கயும் ஒண்டுதான். அதையே சொல்லிக் குடுங்கோ, உடன பிடிபடும்.

உருட்டேக்க வாற பிழை மூண்டு. பந்து போகமுன்னம் தலை நிமிரும். அப்ப மட்டை முகம் திறந்து பந்து வலப்பக்கம் போகும். வழி: "டங்" கேக்கும்வரை பந்து இருந்த இடத்தையே பாத்துக்கொண்டு நிக்கச் சொல்லுங்கோ, பாக்க வேண்டாம், காதால கேள் எண்டு. ரண்டாவது, மணிக்கட்டை வெட்டி அடிக்கிறது. தோளில இருந்து கை முழுக்க ஊஞ்சல் மாதிரிப் போய் வர வேணும், பின்னுக்கு எவ்வளவோ முன்னுக்கும் அவ்வளவு. மூண்டாவது இறுக்கிப் பிடிக்கிறது. கிணத்தில வாளிக் கயிறு இழுக்கிற பிடி வேண்டாம், சைக்கிள் ஹாண்டிலைப் பிடிக்கிற பிடி காணும். பத்து விரலும் கைப்பிடியில இருக்கட்டும். விரலைப் பின்னிப் பிடிக்கிற முறை பெரிய கைக்கு, சின்னக் கைக்கு அது பிடி வழுக்கும்.

துணிவு வாறது தன்ர கணக்கைத் தான் தாண்டேக்க. ஆளுக்கு ஒரு அட்டை: ஐஞ்சு இடம், இடத்துக்கு ஐஞ்சு பந்து, மொத்தம் 25. திகதி போட்டு எழுதி வையுங்கோ. போன கிழமை 9, இந்தக் கிழமை 11. சுவரில ஒட்டக் கூடாது, பிள்ளையின்ர கொப்பிக்குள்ள. சுவரில ஒட்டினால் அது தன்ர 11 ஐப் பாக்காது, பக்கத்துப் பிள்ளையின்ர 19 ஐத்தான் பாக்கும். கோல்ஃபில ஹண்டிகாப் எண்டு சலுகை அடி குடுத்து மெலிஞ்சவரையும் பலமானவரையும் ஒரே ஆட்டத்தில விடுவினம். உலக முறையில அதின்ர உச்சம் 54. பிள்ளையளுக்கு அந்தக் கணக்கு வேண்டாம், கடைசி மூண்டு நாளில திறமானது எதுவோ அதுதான் "என்ர கணக்கு", அதைத் தாண்ட வேணும். சராசரி எடுத்தால் கெட்டிக்காரப் பிள்ளை ஒருநாள் வேணுமெண்டு குறைச்சு அடிச்சு வைக்கும், கவனம்.

கூட்டாட்டத்துக்கு மூண்டு பேர் ஒரு அணி. மூண்டு பேரும் அடிச்சு, எது நல்ல இடத்தில கிடக்கோ அதிலயிருந்து மூண்டு பேரும் அடுத்ததை அடிக்கிறது. முழுசா எல்லாரும் சேர்ந்து முடிக்கிறபடியா நேரமும் குறையும். ஆனால் இதில ஒரு ஓட்டை இருக்கு. கெட்டிக்காரப் பிள்ளையின்ர பந்தே ஒவ்வொரு முறையும் தெரிவாகும், மற்ற ரண்டும் சும்மா கூட நடக்கும். அதால மூண்டு குழிக்குள்ள ஒவ்வொருத்தரின்ர பந்தும் ரண்டு தரமாவது எடுபட வேணும் எண்டு விதி வையுங்கோ. பிறகு பாருங்கோ, கெட்டிக்காரப் பிள்ளையே மற்றதுக்கு "மெதுவா, தலையை நிமித்தாத" எண்டு சொல்லிக் குடுக்கும். பயந்த பிள்ளையை முதல்ல அடிக்க விடுங்கோ, கடைசியா விடாதேங்கோ. முதல் அடி எப்பிடிப் போனாலும் பின்னுக்கு ரண்டு அடி இருக்கு. உருட்டேக்க முதல் பந்துதான் உரப்பையின்ர சாய்வு எந்தப் பக்கம் எண்டு மற்ற ரண்டு பேருக்கும் காட்டிக் குடுக்கும். அது தவறினாலும் உதவிதான், அதை அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கோ.

ஒவ்வொரு அடிக்கும் "நல்ல அடி, நல்ல அடி" எண்டு சொல்லுறதை விடுங்கோ. பிள்ளைக்குத் தெரியும் அது நல்ல அடியில்லை எண்டு. கண்டதைச் சொல்லுங்கோ: "இந்த முறை மட்டை நேராப் போனது", "போன முறை மூண்டு எட்டு விட்டது, இப்ப ஒண்டு." பிழைச்ச அடிக்குப் பிறகு உடன "பரவாயில்லை" எண்டு ஓடிப் போகவும் வேண்டாம். பத்து எட்டு நடக்க விடுங்கோ. பந்தடிக்குப் போறதுக்குள்ள அதுவே ஆறிடும்.

போட்டி வேண்டாம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. மாசத்தில ஒருநாள், குழிக்குக் குழி வெல்லுற முறையில வையுங்கோ. ஒரு குழியில 8 அடிச்சுக் கெட்டாலும் அந்த ஒரு குழிதான் போனது, அடுத்தது புதுசு. மொத்த எண்ணிக்கையில போட்டி வைச்சால் முதல் குழியிலயே கெட்ட பிள்ளைக்குக் கடைசிவரை வேலை இல்லை. வெளியேத்திற முறை எந்த வயசிலயும் வேண்டாம். வெளியேறுறது எப்பவும் பழக்கம் தேவைப்படுற பிள்ளைதான்.

ஒற்றைக் கைப் பிள்ளை, நடக்கக் கஷ்டப்படுற பிள்ளை இருந்தால் உருட்டுத் தளத்தில ஒரு வித்தியாசமும் பாராதேங்கோ. கதிரையில இருந்து ஒற்றைக் கையால உருட்டலாம், மட்டையை இன்னும் நாலு அங்குலம் கட்டையா அரிய வேணும், அவ்வளவுதான்.

எல்லேக்காரன்

புளியங்கொட்டை விசயம் எனக்கும் பிடிச்சிருக்கு, சொல்லிப்போட்டன். ஆனால் ஐப்பசி பிறந்தால் மாரி. தை வரைக்கும் அந்தச் செம்மண்ணில கால் வைக்கேலாது, அப்ப என்ன செய்வியள்?

கனகராயன் கரை

மாரியில தூக்கி அடிக்கிறதை விட்டிடுங்கோ. ஈரத்தில கைப்பிடி வழுக்கி மட்டை பறக்கும், அது பந்திலும் ஆபத்து. பொது நோக்கு மண்டபத்தில உரப்பைத் தளத்தை விரிச்சு உருட்டு மட்டும். உரப்பை நனைஞ்சால் பந்து பாதி தூரத்திலயே நிக்கும், காயவிட்டுத்தான் பாவிக்க வேணும். ரண்டு உரப்பைக்கு அடியில செங்கல்லு ஒண்டை வைச்சு மேடு பண்ணினால் மண்டபத்துக்குள்ள சாய்வும் பழகலாம். மின்னல் வெட்டினால் மைதானத்தில ஒருத்தரும் நிக்கக் கூடாது, உலோக மட்டையோட மரத்துக்குக் கீழ ஒதுங்கவே கூடாது.

மல்லாவி வெயில்

எல்லாருக்கும் நன்றி. கயிறு கட்டுறதும் வரிசையைத் திருப்புறதும் இந்தச் சனிக்கிழமையே. ஒரு சின்னச் சந்தேகம் பாலைப்பழம் அக்கா: பெண் பிள்ளையள் பாதிப் பேரின்ர சட்டையில பை இல்லை. கொட்டையைக் கையில வைச்சுக்கொண்டு அடிக்கேலாது.

பாலைப்பழம்

பாசிமணி எட்டு, ஒரு சாண் அளவில் தடித்த நூல். ஒவ்வொரு மணிக்குள்ளும் நூலின் இரண்டு முனையையும் எதிரெதிர்ப் பக்கமாக விட்டு இழுத்துக் கோர்த்துவிடுங்கள், அப்போது மணி இறுக்கமாக நிற்கும், கையால் தள்ளினால் மட்டும் நகரும். ஒரே முனையில் கோர்த்தால் நடக்கும்போது எல்லாம் வழுக்கி ஒரு பக்கம் சேர்ந்துவிடும், கணக்குப் போய்விடும். மணிகளுக்கும் முடிச்சுக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி விட்டு, மேல் முனையை இடுப்புப் பட்டியில் அல்லது சட்டைப் பொத்தானில் கட்டுங்கள். அடித்ததும் ஒரு மணியைக் கீழே தள்ள வேண்டும். பையுள்ள பையன்களுக்கும் அதையே கொடுங்கள், இல்லாவிட்டால் மணி பெண் பிள்ளைகளின் சாமான் என்று ஒரு புதுச் சண்டை வரும்.